சுல்தான் சாப்பிட மறுத்த கதை: ஒரு பல்ப் வியாபாரியின் ஒப்புதல்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் முப்பது வருடங்களுக்கு மேலாக நான் பல்ப் விற்கிறேன். மஞ்சள் குமிழ் விற்றேன், டியூப் லைட் விற்றேன், சிஎஃப்எல் விற்றேன், இப்போது எல்ஈடி விற்கிறேன். "நானா, இது நல்ல பல்ப்தானா?" என்று யாராவது கேட்டால் கவுன்டரில் இருக்கும் ஹோல்டரில் மாட்டிக் காட்டுவேன். எரிந்தால் நல்ல சரக்கு. எரியாவிட்டால் பழுது. இந்த ஒரு சோதனையைத்தான் என் வாப்பா எனக்குக் கற்றுத் தந்தார். நானும் கடைப் பொடியன்மாருக்கு அதையே கற்றுக் கொடுத்தேன்.

அந்தச் சோதனை போதாது என்பதை எனக்குப் படிப்பித்தது ஓர் ஓணான். வியாபாரப் பக்கத்தில் ஓணான் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கடைசி வரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பேரனின் சுல்தான்

என் மகளும் மருமகனும் அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் நகரில் இருக்கிறார்கள். அவர்களுடைய மகனுக்குப் பத்து வயது. இங்கே நம் பிள்ளைகள் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பது போல அங்கே பிள்ளைகள் 'பியர்டட் ட்ராகன்' என்னும் ஓணானை வளர்க்கிறார்கள். தமிழில் தாடி ஓணான் என்று சொல்லலாம். கோபம் வந்தால் தொண்டையை உப்பிக் கறுப்பாக்கும். அப்போது முள்முள்ளாகத் தாடி வைத்தது போல இருக்கும். வளர்ந்தால் மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டு அடி அளவுக்கு வரும். கடிக்காது. கையில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருக்கும். நன்றாகப் பார்த்தால் பத்து வருடம் வரை வாழும்.

பேரன் அதற்கு சுல்தான் என்று பெயர் வைத்திருந்தான். வீடியோ அழைப்பில் எனக்கு ஸலாம் சொல்ல முதலே சுல்தானைத்தான் காட்டுவான்.

இது அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வரண்ட நிலத்துப் பிராணி. காலையில் கல்லிலோ வேலிக் கட்டையிலோ ஏறி வெயில் காயும். உடம்பு சூடேறிய பிறகுதான் இரை தேடும். இதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. ஆகவே வீட்டில் வளர்ப்பவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு விளக்குப் போட வேண்டும். ஒன்று சூட்டுக்கு. மற்றது கழியூதாக் கதிருக்கு.

நான் அனுப்பிய பார்சல்

சென்ற வருடம் பெப்ரவரியில் மகள் பேசும்போது, "வாப்பா, சுல்தான்ட யூவி பல்ப் மாத்தணும். இங்க விலை சரியான கூட" என்றாள். நம் காசில் பத்தாயிரத்துக்கு மேல் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பல்ப் வியாபாரியின் மகள் பல்புக்குப் பத்தாயிரம் கொடுப்பதா?

நம் கடையில் யூவி பல்ப் இருக்கிறது. கள்ள நோட்டுப் பார்க்கும் பெட்டிக்குள் ஊதா நிறத்தில் எரியுமே, அதே வகை. திருகு ஹோல்டருக்கும் வரும். அங்கேயும் இங்கேயும் மின்சாரம் 230 வோல்ட்தான். மெல்பேர்ன் போகவிருந்த தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று பல்ப்களைச் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். மகள் மாட்டினாள். ஊதா நிறத்தில் அழகாக எரிந்தது. பேரன் வீடியோவில் காட்டி நன்றி சொன்னான். நானும் பெருமைப்பட்டேன்.

யூலை மாதம் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக நானும் மனைவியும் மெல்பேர்ன் போனோம். அங்கே அது கடும் குளிர்காலம். வீட்டுக்குள் நுழைந்ததும் பேரன் என் கையைப் பிடித்துப் பெட்டியடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அப்பா, சுல்தான் சாப்பிடுறதே இல்ல. மூணு கிழமையாச்சி."

பெட்டியின் மூலையில் அது கண்ணை மூடிக் கிடந்தது. நான் வீடியோவில் பார்த்த கம்பீரம் எதுவும் இல்லை.

சாப்பாட்டை மாற்றிப் பார்த்தோம்

கடையில் வியாபாரம் விழுந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? சரக்கை மாற்றுகிறோம். விலையைக் குறைத்துப் பலகை போடுகிறோம். மகளின் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கீரை சாப்பிடவில்லையா, பூசணி துருவி வை. பூசணி வேண்டாமா, புழு வாங்கு. அந்தப் புழு வேண்டாமா, அதைவிட விலை கூடிய புழு வாங்கு.

அங்கே செல்லப் பிராணிக் கடைகளில் வெட்டுக்கிளி மாதிரியான கிரிக்கெட் பூச்சியும் கரப்பான் பூச்சியும் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு உண்டு. புறக்கோட்டையில் நாம் கரப்பானைக் கொல்லக் காசு செலவழிக்கிறோம். அங்கே கரப்பானை வாங்கக் காசு கொடுக்கிறார்கள்! அதையும் வாங்கி வைத்தோம். சுல்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"குளிர்காலத்தில் இவை தூங்குமாம் மாமா, விட்டுப் பார்ப்போம்" என்றார் மருமகன். அதுவும் பிழையான பேச்சல்ல. வளர்ந்த தாடி ஓணான்கள் குளிர்காலத்தில் வாரக் கணக்கில், சிலவேளை மாதக் கணக்கில் அரைத் தூக்கத்தில் கிடக்கும். அப்போது சாப்பாட்டைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். ஆனால் அது உறக்கமா நோயா என்று பார்வையால் சொல்ல முடியாது. தராசுதான் சொல்லும். சுகமாக உறங்கும் ஓணானின் எடை பெரிதாகக் குறையாது. எடை வேகமாக இறங்கினால் அது உறக்கம் இல்லை.

வியாபாரியின் கை தராசைத் தேடாமல் இருக்குமா? மகளின் குசினித் தராசில் வைத்தேன். 358 கிராம். பேரன் தன் கொப்பியைக் கொண்டுவந்தான். மே மாதம் அவன் நிறுத்து எழுதியது 412 கிராம். நூற்றுக்கு பதின்மூன்று பங்கு போய்விட்டது. தூக்கும்போது பின்னங்கால் விரல்கள் நடுங்கின. அன்று பின்னேரமே ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம்.

வைத்தியர் கேட்ட கேள்விகள்

அந்த வைத்தியர் ஓணானைத் தொட முதல் கால் மணித்தியாலம் எங்களைத்தான் விசாரித்தார். பெட்டியில் வெயில் காயும் கல்லின் சூடு எத்தனை பாகை? குளிர்ந்த பக்கம் எத்தனை? விளக்கு எத்தனை மணித்தியாலம் எரிகிறது? அது என்ன விளக்கு? எப்போது மாட்டினீர்கள்? கடைசியாக எப்போது வெளிக்குப் போனது? பெட்டிக்குள் மணல் போட்டிருக்கிறீர்களா? சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது கடைசியில்தான்.

சூட்டைப் பற்றி அவர் சொன்னது இது. கல்லில் 40 பாகை செல்சியஸ் அளவும் குளிர்ந்த பக்கத்தில் 25 பாகை அளவும் இருக்க வேண்டும். கல் சூடாக இல்லாவிட்டால் தின்றது செமிக்காமல் குடலில் கிடந்து கெடும். ஆகவே சூடு குறைந்த ஓணான் சாப்பிடாமல் இருப்பது அதன் புத்திசாலித்தனம். அதன் வாயைத் திறந்து திணிப்பது நம் முட்டாள்தனம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. குருநாகல், குளியாப்பிட்டிப் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு எத்தனை வருடம் குஞ்சுக்கூட்டுக்கு பல்ப் விற்றிருக்கிறேன்! முதல் வாரக் குஞ்சுக்கு 33 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். குறைந்தால் குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருங்கும், தீனுக்கு வராது. பண்ணைக்காரன் தீனை மாற்ற மாட்டான், விளக்கைத்தான் பார்ப்பான். இது எனக்குத் தெரிந்த விசயம். ஆனால் பேரனின் பெட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பெட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் காட்டியது. வைத்தியர் சொன்னபடி கல்லின் மேல் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் அன்றிரவு அளந்தோம். 33 பாகைதான் இருந்தது. கோடையில் போதுமாக இருந்த அதே சூட்டு விளக்கு, குளிர்கால அறையில் போதாமல் போயிருக்கிறது. இங்கே ஒரு குறிப்பு. கொரோனா காலத்தில் நம் கடை வாசல்களில் நெற்றிக்குப் பிடித்த கருவி மனித உடல் சூட்டுக்கென்று அமைக்கப்பட்டது. கல்லையும் இயந்திரத்தையும் அளக்க வேறு வகை வேண்டும். இரண்டும் ஒரே உருவத்தில் வருவதால் விற்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

ஊதாவில் மூன்று வகை

பிறகு வைத்தியர் மகள் கொண்டுவந்திருந்த பல்பைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். "இதை யார் வாங்கியது?" என்றார். மகள் பேசவில்லை. பேரன் என்னைப் பார்த்தான்.

முப்பது வருட வியாபாரத்தில் யாரும் என் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னை அப்படிக் கேட்டதில்லை. "நான்தான்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினார். கழியூதாக் கதிர் என்பது ஒரு சரக்கல்ல, மூன்று சரக்கு. 315 முதல் 400 நனோமீற்றர் வரை ஏ வகை. நோட்டுப் பார்க்கும் பல்ப் தருவது இதை. 280 முதல் 315 வரை பி வகை. தோலில் பட்டு விற்றமின் டி உண்டாவது இதனால்தான். 280க்குக் கீழே சி வகை. கிருமி கொல்லும் விளக்கு இது. கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். மனிதரோ பிராணியோ இருக்கும் இடத்தில் எரிய விடவே கூடாது. மூன்று பெட்டியிலும் யூவி என்றுதான் எழுதியிருக்கும். நான் அனுப்பியது ஏ. சுல்தானுக்குத் தேவை பி. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

"ஜன்னல் பக்கமா வெச்சி வெயில் படவெச்சோமே?" என்றாள் மகள். சாதாரண ஜன்னல் கண்ணாடி பி வகையை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும் என்றார் வைத்தியர். ஏ வகை கண்ணாடியைத் தாண்டி வரும். கெய்சர் வீதியில் கண்ணாடி அலுமாரிக்குள் தொங்கும் சேலை நிறம் மங்குவது அதனாலும்தான். வெயில் வந்தது போலத் தோன்றும். ஆனால் வரவேண்டிய பங்கு வராது.

சரியான விளக்கை வாங்கினாலும் வேலை முடிந்துவிடாது. அந்த டியூப் எரிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அப்படியே இருக்கும். ஆனால் உள்ளே பி வகைக் கதிர் நாளுக்கு நாள் குறையும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில், எரிந்துகொண்டிருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். எரிந்தால் நல்லது என்ற என் வாப்பாவின் சோதனை அந்த இடத்தில் உடைந்தது.

முதலைத் தின்ற உடம்பு

எக்ஸ்ரேயில் சுல்தானின் எலும்பு மெலிந்து தெரிந்தது. பி வகைக் கதிர் இல்லாவிட்டால் விற்றமின் டி இல்லை. விற்றமின் டி இல்லாவிட்டால் சாப்பாட்டில் உள்ள கல்சியம் குடலிலிருந்து உடம்பில் சேராது. இரத்தத்துக்குக் கல்சியம் கட்டாயம் தேவை. ஆகவே உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும். தசை தளரும், குடலின் அசைவும் தளரும், பசி போகும், கால் நடுங்கும். கவனியாமல் விட்டால் தாடை எலும்பு மெதுவாகி வளையும்.

வருமானம் வராத கடை முதலைத் தின்று நாள் ஓட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். வெளியே பெயர்ப்பலகை எரியும், உள்ளே ராக்கை காலியாகும். சுல்தானின் உடம்பிலும் அதுதான் நடந்தது.

மனிதப் பிள்ளைகளுக்கும் இதே நோய் உண்டு. 1919ஆம் ஆண்டு பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர், எலும்பு வளைந்த றிக்கற்ஸ் நோய்ப் பிள்ளைகளுக்குப் பாதரச விளக்கின் கழியூதாக் கதிரைப் பட வைத்துக் குணமாக்கிக் காட்டினார். ஆக நூறு வருடத்துக்கு முந்திய விளக்கு வியாபாரத்திலேயே இந்த அறிவு இருந்திருக்கிறது. விளக்கு விற்ற எனக்குத்தான் இருக்கவில்லை.

ஒரு கேள்வி என்னை உறுத்தியது. பல்ப் பெப்ரவரியிலேயே மாட்டியாயிற்று. நோய் ஏன் குளிர்காலத்தில் தெரிந்தது? பேரனே பதில் சொன்னான். கோடையிலும் அதற்குப் பிந்திய இளவெயில் மாதங்களிலும் பாடசாலை விட்டு வந்து சுல்தானைப் புல்வெளியில் விடுவானாம். அங்கே அசல் வெயில் கிடைத்தது. குளிர் வந்ததும் அது நின்றது. என் பல்ப் முதல் நாளிலிருந்தே வெறும் பல்ப்தான். வெயில் அதை மறைத்து வைத்திருந்தது.

பெருநாள் சீசனில் எல்லாக் கடையும் ஓடும். அந்த நேரத்தில் எந்தக் கணக்குப் பிழையும் தெரியாது. சீசன் முடிந்த மாதத்தில்தான் எது நம் சொந்த ஓட்டம், எது காலத்தின் ஓட்டம் என்று தெரிய வரும்.

மூன்றாவது வாரம்

கல்சியம் மருந்தும், உடலில் நீர் குறையாமல் ஊசியும் கொடுத்தார்கள். குடலில் பூச்சி இருக்கிறதா என்று மலத்தையும் சோதித்தார்கள். இருக்கவில்லை. புது டியூப் வாங்கிப் பெட்டிக்குள்ளேயே, சுமார் ஓர் அடி உயரத்தில் மாட்டினோம். மேலே வலைக்கு வெளியே வைத்தால் வலையே கதிரில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். சூட்டு விளக்கைப் பெரிதாக்கிக் கல்லை 40 பாகைக்குக் கொண்டுவந்தோம். காசு முழுவதையும் நான் கொடுத்தேன். மருமகன் வேண்டாம் என்றார். "சரக்கில குறை எண்டா திருப்பி எடுக்கிறதுதானே மருமகன் நம்மட வழக்கம்" என்றேன்.

அதைவிடப் பேரனிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "மகன், அப்பா அனுப்பின பல்ப்தான் பிழை. விசாரிக்காம அனுப்பிட்டன்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப சுல்தான் என்னோட கோவம் இல்லையா?" என்று கேட்டான். தான் சரியாகப் பார்க்காததால்தான் சுல்தான் சாப்பிடவில்லை என்று அந்தப் பிள்ளை மூன்று கிழமையாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் மிச்சம் பிடிக்க நினைத்த பத்தாயிரத்தின் உண்மையான விலை அந்தக் கேள்விதான்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் கல்லின்மேல் தானாக ஏறி வாயைத் திறந்து வெயில் காய்வது போலக் கிடந்தது. மூன்றாம் வாரம் ஒரு காலை துருவிய பூசணியை நக்கியது. அன்று மத்தியானம் பேரன் விட்ட கரப்பானைப் பாய்ந்து பிடித்தது. வீட்டில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். கரப்பான் ஒன்று தின்னப்பட்டதற்கு நான் சந்தோசப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இங்கே கொண்டுவரலாமா?

கொழும்புக்குத் திரும்பி இந்தக் கதையைச் சொன்னபோது, தெரிந்த தம்பி ஒருவர் வேறு கணக்குப் போட்டார். "நானா, அந்த ஓணான இங்க கொண்டுவந்தா நல்ல விலை போகுமே?" என்றார். வேண்டாம் தம்பி. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் இத்தகைய பிராணிகளைக் கொண்டுவருவதும் குற்றம், நம் காட்டுப் பிராணிகளைக் கொண்டுபோவதும் குற்றம். அவுஸ்திரேலியாவும் தன் ஊர்வனவற்றை உயிருடன் வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை.

நம் நாட்டு ஓணான்களுக்கும் வெளிநாட்டில் கள்ளச் சந்தை உண்டு. மூக்கில் கொம்புள்ள நம் ஓணான் இனங்கள் 2019 ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சூட்கேசில் ஓணான் போனால் பெயர் கெடுவது ஒருவருக்கு மட்டுமல்ல.

நம் கடைகளுக்கு

இந்த ஓணானால் என் கடையில் நான்கு மாற்றங்கள் வந்தன. உங்கள் கடை துணிக் கடையாகவோ மருந்துக் கடையாகவோ இருந்தாலும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

ஒன்று, "எதுக்கு வாங்குறீங்க?" என்று கேட்காமல் யூவி என்று எழுதிய எந்தச் சரக்கும் கவுன்டரைத் தாண்டுவதில்லை. ஏ, பி, சி மூன்றையும் வேறு வேறு தட்டில் வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இரண்டு, காலம் போனால் சக்தி குறையும் சரக்கில் விற்ற திகதியை மார்க்கரால் எழுதிக் கொடுக்கிறோம். வாடிக்கையாளர் ஒரு வருடத்தில் திரும்பி வருவார். அது நமக்கும் வியாபாரம்தான்.

மூன்று, எனக்குத் தெரியாத உபயோகத்துக்கு யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லித் தெரிந்த இடத்துக்கு அனுப்புகிறேன். அன்று மகளிடம் அப்படிச் சொல்லியிருந்தால் போதும்.

நான்கு, வியாபாரம் விழுந்த மாதத்தில் உடனே சரக்கை மாற்றுவதில்லை. முதலில் நிறுத்துப் பார்க்கிறேன். போன வருடம் இதே மாதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கொப்பியை எடுக்கிறேன். பிறகு சூட்டையும் வெளிச்சத்தையும் பார்க்கிறேன். அதாவது வாசலில் நிற்பவனின் முகம் எப்படி, தொலைபேசிக்கு யார் பதில் சொல்கிறார், வாங்கியவர் ஏன் திரும்பி வரவில்லை என்று. சாப்பாட்டைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது வைத்தியர் எனக்குத் தந்த பாடம்.

நான் அனுப்பிய மூன்று பல்பில் ஒன்றை மெல்பேர்னிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தேன். கவுன்டரில் என் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பொடியன்மாருக்கு அதை ஹோல்டரில் மாட்டிக் காட்டுவேன். ஊதா நிறத்தில் அழகாக எரியும். "நல்ல பல்ப்தானே முதலாளி?" என்பார்கள். அப்போதுதான் சுல்தானின் கதையைத் தொடங்குவேன்.